கிளைமேட் பணம்னு சொல்றாங்களே, அதுல பாதிக்கு மேல கடன் தாங்க

2009ல கோபன்ஹேகன் கிளைமேட் மாநாட்டுல பணக்கார நாடுங்க ஒரு வாக்கு குடுத்தாங்க, 2020க்குள்ள வருஷத்துக்கு 100 பில்லியன் டாலர் திரட்டி, பருவநிலை மாற்றத்த சமாளிக்க வளரும் நாடுகளுக்கு தர்றோம்னு. ரெண்டு வருஷம் லேட்டா, 2022ல தான் அந்த கணக்கு ஒருவழியா எட்டுச்சு. ஓஇசிடி (பெரும்பாலும் பணக்கார நாடுங்க சேந்த அமைப்பு) சொல்ற கணக்கு 115.9 பில்லியன். பரவாயில்லையேன்னு தோணும், ஆனா அரசாங்கங்க வழியா வந்த பங்குல 69 சதவீதம் கடன், சும்மா குடுத்தது 28 தான். மொய் மாதிரின்னு சொல்லலாம்னா, மொய்யாவது வட்டி இல்லாம திரும்பப் போகும்.

அதுவும் பெரும்பாலும் டாலர், யூரோல கடன், அங்க தான் இடிக்குது. கூட வேலை பாக்குற யாழ்ப்பாணத்து அண்ணன்கிட்ட இதைப் பத்தி பேசிட்டு இருந்தப்ப, "டொலர் ஏறினா கரண்ட் பில்லும் ஏறும் தானே தம்பி, பிறகு ஆர் கட்டுறது?"ன்னார். 2022ல இலங்கையில டாலர் 200 ரூபாயில இருந்து சில மாசத்துலயே 360 கிட்ட போச்சே. சோலார் பண்ணை போடுறவன் கரண்ட்ட ரூபாய்க்கு தான் விப்பான், கடன மட்டும் டாலர்ல அடைக்கணும், அந்த பயத்துக்கும் சேத்து வட்டி போடுவாங்க, சோலார்ல செலவு முக்கால்வாசி மொதல்லயே ஆயிடுறதால வட்டி தான் கரண்ட் விலையையே முடிவு பண்ணுது. வெயில் கொட்டிக் கெடக்குற ஊர்ல சோலார் விலை கட்டுப்படியாகலன்னா இதான் காரணம்.

இங்க சிங்கப்பூர்ல எம்ஏஎஸ் (நம்ம மத்திய வங்கி) 2023ல துபாய் கிளைமேட் மாநாட்டுல ஆரம்பிச்ச ஃபாஸ்ட்-பி திட்டம் இதுக்கு தான். நஷ்டம் வந்தா அரசாங்க பணம் மொதல்ல அடி வாங்கிக்கும், அந்த தைரியத்துல பேங்க்காரங்க உள்ள வருவாங்க. சிங்கப்பூர் 500 மில்லியன் அமெரிக்க டாலர் வரைக்கும் போடுது, மொத்த இலக்கு 5 பில்லியன் வரை. எனக்கு இது புடிச்சிருக்கு. ஆனா பில்லு வசூல் பண்ண முடியுற எடத்துல தான் இது ஓடும். கடல் சுவருக்கு யாருகிட்ட போய் பில்லு நீட்டுறது? 2022ல வெள்ளம் வறட்சிய சமாளிக்கன்னு போனது வெறும் 32.4 பில்லியன்.

கடல் ஏறாம நம்ம கரைய காப்பாத்த 100 வருஷத்துல 100 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகலாம்னு 2019லயே அப்போ பிரதமரா இருந்த லீ சியென் லூங் சொன்னாரு, அடுத்த வருஷமே 5 பில்லியன் வெள்ளி எடுத்து தனி நிதி ஆரம்பிச்சாச்சு. நம்ம கையில இருக்கு, பண்ணிட்டோம் (இத்தனைக்கும் ஐநா கிளைமேட் ஒப்பந்தத்துல நாமளும் வளரும் நாடுங்க பக்கம் தான்!). பங்களாதேஷ் எங்க போகும்?

2024 நவம்பர்ல அஜர்பைஜானோட பாகுல நடந்த கிளைமேட் மாநாட்டுல புது இலக்கு வச்சாங்க, 2035க்குள்ள வருஷத்துக்கு 300 பில்லியன் டாலர். சுத்தியல தட்டி முடிச்ச கையோட இந்தியா தரப்புல சாந்தினி ரெய்னா எழுந்து இது வெறும் கண்கட்டு வித்தைன்னு போட்டு ஒடச்சாங்க. தொகை பத்தலன்னு எல்லாரும் பேசினாங்க, சரி தான். எனக்கு அதை விட உறுத்துறது, அந்த 300ல கடன் எவ்வளவு, சும்மா குடுக்குறது எவ்வளவுன்னு யாரையும் கட்டிப்போடுற மாதிரி ஒரு கணக்கும் அதுல இல்ல.