நான் அவனுக்கு யார்? அண்ணன் பையனுக்குக் கார்டியன் ஆன கதை

அண்ணி போய் மூன்று வருஷத்தில் அண்ணனும் போய்விட்டான். பையனுக்கு அப்போது பத்து வயது. காரியம் முடிந்த அன்றைக்கே அவனுடைய துணிமணி, புத்தகம், சைக்கிள் எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். யாரும் யாரையும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. நான் அத்தை, அவனுடைய பாட்டியும் என்னோடுதான் இருக்கிறாள், வேறு எங்கே போவான்?

எட்டு மாதம் அப்படியே ஓடியது. அண்ணனுடைய இன்ஷூரன்ஸ் பணத்துக்கு எழுதிப் போட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. பாலிசியில் நாமினியாக அண்ணி பெயர் இருந்தது, அவள் போன பிறகு அண்ணன் அதை மாற்றவே இல்லை. அதனால் பணம் வாரிசுகளுக்குப் போகும் என்றார்கள். வாரிசுச் சான்றிதழில் இருந்தது இரண்டே பேர், பையனும் என் அம்மாவும். அம்மா தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டாள். பையனுடைய பங்குக்குப் போட நான் பேனாவை எடுத்தேன். கவுன்டரில் இருந்த பெண் தாளின் மேல் கையை வைத்து, "கோர்ட் ஆர்டர் இருக்கா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார். அத்தை என்று சொன்னேன். "அது சரிங்க, ஆனா சட்டப்படி கார்டியன் யாரு?"

பதில் இல்லை. யாருமே இல்லை என்பதுதான் உண்மை.

1956ஆம் வருஷத்து இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் (கார்டியன்) சட்டத்தில், திருமணத்துக்குள் பிறந்த குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர், அதாவது யாரும் நியமிக்காமலே காப்பாளராக இருப்பவர், அப்பா, 'அவருக்குப் பிறகு' அம்மா. (அந்த 'அவருக்குப் பிறகு' என்பதற்கு அப்பா செத்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, அவர் பொறுப்பில் இல்லாத நிலையையும் அது குறிக்கும் என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.) இருவரும் போய்விட்டால் தாத்தா, பாட்டி, மாமா, அத்தை யாருக்கும் அந்த இடம் தானாக வராது. அப்பாவோ அம்மாவோ உயிலில் இன்னார் காப்பாளர் என்று எழுதி வைத்திருந்தால் அது வேறு. இல்லையென்றால் நாம் வளர்ப்பவர்கள், அவ்வளவுதான். வளர்ப்பவர் என்ற காரணத்துக்காக மட்டும் குழந்தையின் சொத்தில் கை வைக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 11ஆவது பிரிவு சொல்கிறது.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கினால் போதும் என்றார் ஒருவர். போதாது. காப்பாளரை நியமிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு, 1890ஆம் வருஷத்துக் காப்பாளர்கள் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டப்படி. வக்கீல்கள் இந்த மனுவை ஜி.டபிள்யூ.ஓ.பி. (கார்டியன் அண்ட் வார்ட்ஸ் ஒரிஜினல் பெட்டிஷன்) என்பார்கள். சொந்தக்காரர் மட்டுமல்ல, குடும்ப நண்பர்கூட மனுப் போடலாம். அம்மாவையே மனுதாரராகப் போடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வக்கீலம்மா வேண்டாம் என்றார். அம்மாவுக்கும் அதே பணத்தில் பங்கு இருப்பதால் நாளைக்கு ஒரு கேள்வி வரும், உங்களுக்குப் பங்கே இல்லை, நீங்கள் போடுங்கள் என்றார். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள்.

குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குள் இருக்கும் கோர்ட்டில்தான் மனு. எங்கள் வீட்டுக்கு அவன் வந்து கொஞ்ச நாள்தானே ஆகிறது, அதனால் பள்ளியில் படிப்புச் சான்றிதழ் வாங்கி இணைத்தோம். மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே வரிசையாக இருக்கிறது: பிறந்த தேதி, சொத்து எங்கே, மதிப்பு எவ்வளவு, இப்போது யாரிடம் இருக்கிறான், நெருங்கிய சொந்தங்கள் யார் யார், முன்பு யாராவது மனுப் போட்டார்களா. பொறுப்பேற்கச் சம்மதம் என்று நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். மனுப் போட வேண்டிய காரணம் என்ன என்ற இடத்தில் வக்கீலம்மா டைப் செய்து வைத்திருந்த மூன்று வரியைப் படிக்கத்தான் எனக்கு நேரமாயிற்று.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குழந்தையின் மற்றப் பக்கத்துச் சொந்தத்துக்கு கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் போகும். அது அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் முன் நீங்கள் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். மகளைப் பறிகொடுத்த வீட்டுக்குத் திடீரென்று கோர்ட் காகிதம் வந்தால், பேரனையும் பறிக்கிறார்கள் என்றுதானே தோன்றும்? நான் போனபோது அண்ணியின் அப்பா திண்ணையில் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெகு நேரம் பேசவில்லை. அப்புறம், "லீவுக்கு இங்க அனுப்புவியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அதையும் மனுவிலேயே எழுதச் சொன்னேன். அவராக வந்து ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார். சண்டை இல்லாத காலத்திலேயே கோர்ட்டுக்குப் போய்விட வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். பணப் பேச்சு வந்து மனஸ்தாபம் முளைத்த பிறகு போட்டால் இதே மனு வருஷக்கணக்கில் இழுக்கும்.

பத்திரிகையில் விளம்பரம், கோர்ட் சுவரில் நோட்டீஸ், நாலைந்து வாய்தா. இடையில் பள்ளி திறந்தது. நோட்டுகளுக்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டிக் கொடுத்தேன், பெயரை நானே எழுதிக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனான். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எல்லா நோட்டிலும் பெயர் மட்டும்தான், இனிஷியலுக்கு இடம் விட்டிருந்தது. மறந்திருப்பான் என்று விட்டுவிட்டேன்.

விசாரணை அன்றைக்கு டவாலி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எனக்குக் கால் நடுங்கியது. நீதிபதி கேட்டது எல்லாம் குழந்தையைப் பற்றித்தான். உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை, இவன் யாரோடு படுத்துக்கொள்கிறான், உடம்பு சரியில்லை என்றால் யார் லீவு போடுகிறீர்கள். குழந்தையின் நலன்தான் முதலில், மற்றதெல்லாம் அப்புறம் என்று சட்டம் சொல்வதை அந்தக் கேள்விகளில் நேரில் பார்த்தேன். விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பத்தையும் கேட்கலாம், அதனால் அவனை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். பத்து நிமிஷம் இருக்கும். நான் வெளியே பெஞ்சில் அவனுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மனுப் போட்ட ஏழாவது மாதம் உத்தரவு வந்தது. அவனுடைய பங்குப் பணம் 18 வயது வரை வங்கியில் டெபாசிட்டாக இருக்கும், வட்டியைப் படிப்புக்கு எடுக்கலாம். (கோர்ட் காப்பாளர் போட்டால் 21 வயது வரை மைனர் என்று முன்பு இருந்தது, 1999இல் மாற்றிவிட்டார்கள்.) அண்ணன் வீட்டை கோர்ட் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. வரவு செலவு எழுதி வைக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். அவனைக் கோர்ட் எல்லையை விட்டு வேறு ஊரில் குடிவைப்பதென்றாலும் அனுமதி கேட்க வேண்டும். என்னை நம்பவில்லையா என்று வீட்டில் சிலருக்கு வருத்தம். எனக்கு இல்லை. நாளைக்கு எனக்கே ஒன்று ஆகிவிட்டால் அவன் பணத்துக்கு வேறொருவர் கணக்குக் கேட்பார் என்பது பெரிய நிம்மதி.

இதைத் தத்து என்று நினைத்துவிடாதீர்கள். தத்து எடுத்தால் குழந்தை நம் குடும்பத்துப் பிள்ளை ஆகிவிடும். காப்பாளர் ஆனால் அப்பா அம்மா அவர்களேதான், நாம் பொறுப்பாளர் மட்டும்.

அவனுக்கு இதை நான் உட்கார்த்திச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. விசாரணை முடிந்து பஸ்ஸில் வரும்போது, ஜட்ஜ் என்ன கேட்டார் என்றேன். "அத்தைகிட்ட இருக்க இஷ்டமான்னு கேட்டாங்க. ஆமான்னேன். நானும் ஒண்ணு கேட்டேன்."

"என்ன?"

"என் இனிஷியல் மாறுமான்னு."

"என்ன சொன்னாங்க?"

"மாறாதாம்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் பையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். ஒவ்வொரு நோட்டாக எடுத்து, விட்டிருந்த இடத்தில் அண்ணனின் முதல் எழுத்தைப் போட்டான், பக்கத்தில் புள்ளியும் வைத்தான்.