குதிரைக்கு மூக்கு வந்தது

நேற்று சாயங்காலம் மும்பையில் எங்கள் மாட்டுங்கா வீட்டில் ஒரு குதிரைக்கு மூக்கு வந்தது. அதற்கு முன்னால் பிறந்த 11 குதிரைகளும் மொண்ணை.

இவர் சதுரங்கக் காய் வார்க்க ஆரம்பித்து இரண்டு மாதமாகிறது. வெறும் காரீயம் அச்சின் மூலை முடுக்குக்குள் சரியாகப் போகாதாம். கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால்தான் பிடரி மயிர் வரைக்கும் ஓடி நிரம்புமாம். இதைக் கண்டுபிடித்த அன்று இவர் பார்வை நேராகப் போய் விழுந்தது ரசம் வைக்கிற, சுத்த வெள்ளீயத்தில் செய்த ஈயச்சொம்பின் மேல். மாமியார் அதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து ராத்திரியில் சொம்பு சமையலறையில் தூங்குவதில்லை. மாமியாரின் தலைமாட்டில், ஸ்ரீராமஜெயம் எழுதுகிற நோட்டுக்குப் பக்கத்தில்.

சரி, சொம்பு இல்லையென்றால் குர்லா பங்கார்வாலா, அதாவது பழைய சாமான் கடைக்காரர். ஏதோ இடித்த கட்டடத்தின் செம்புக் குழாய்கள் இரண்டு சாக்கு வந்து இறங்கின. பழைய குழாய் மூட்டில் பற்றவைத்திருக்கிற ஈயம் பாதி வெள்ளீயம், பாதி காரீயமாம். பாதிதானா, நாற்பதா என்று கேட்டேன். குழாய் போட்டவன் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பான், யாரைக் கேட்பது என்கிறார். பாதிக்குப் பாதி என்றே வைத்து, ஒரு கிலோ காரீயத்துக்கு அந்த மூட்டு ஈயம் 111 கிராம் போட்டால் வெள்ளீயம் 5 சதவீதம் வந்துவிடுமாம். இந்தக் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு மாதாமாதம் பால்காரர் கணக்கு மட்டும் வராது. 111 கிராமை நிறுத்தது எதில்? முறுக்கு மாவு நிறுக்கிற என் தராசில்.

சாப்பிடும்போதும் இதே பேச்சு. அந்த மூட்டு ஈயம் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், காரீயத்துக்கு 327 வேண்டும், சுத்த வெள்ளீயத்துக்கு 232, அதனால்தான் காலிச் சொம்பை அடுப்பில் வைத்தால் கண்ணெதிரே குழைந்துபோகிறது என்றார். மாமியார் மோரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். எனக்குக் காரணம் புரியவில்லை.

முதல் நாள், குழாய் மூட்டிலிருந்து சுரண்டிய ஈயத்தில் ஈரம் இருந்திருக்கிறது. சட்டியில் போட்டதும் படார்! பால்கனிச் சுவரில் இப்போது நட்சத்திர மண்டலமே இருக்கிறது. சொசைட்டி செக்ரட்டரி மேலே வந்து, தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று மராத்தியில் விசாரித்துவிட்டுப் போனார்.

நேற்று வந்த குதிரைக்கு மூக்கு, காது, பிடரி எல்லாம் இருந்தது. போதாததற்குப் பல்லும். ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்ததாகத்தான் கேள்வி, இங்கே ஈயமே இளித்தது.

மாமியார் குதிரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைக் குடைந்து ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்தார். உள்ளே, அமுங்கின இட்லி மாதிரி ஒரு உலோகக் கட்டி.

"கல்யாணமாகி வந்த மூணாம் மாசம். தண்ணி ஊத்த மறந்து குமுட்டில வெச்சுட்டேன். காக்கா தூக்கிண்டு போயிடுத்துன்னு உன் பாட்டிகிட்ட சொன்னேன்டா."

ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பழி ஒரு காக்காவின் தலையில்! அதிலும் பாட்டி அதை நம்பி, கடைசிவரைக்கும் காக்காய்க்குச் சோறு வைக்கும்போதெல்லாம் திட்டிக்கொண்டே வைப்பாராம்.

"யானைக்குத் தும்பிக்கை ஒழுங்கா வரணும்" என்று கட்டியை நீட்டினார். இவர் வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக என் தராசைத் தேட ஆரம்பித்தார்.

தராசு இப்போது மாமியாரின் தலைமாட்டில், சொம்புக்குப் பக்கத்தில்.