டெல்லிக் கணக்கும் பதினான்கு கையெழுத்தும்

வட ஆற்காட்டுப் பக்கம் தெருக்கூத்துப் பயிற்சிக்கென்று வெளிநாட்டு நன்கொடையும் பெறும் சிறிய அறக்கட்டளை ஒன்றை நடத்துகிறேன். எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் திருத்தம் 2020 செப்டம்பர் 29 அன்று அமலுக்கு வந்தது. அந்த வருடம் சித்திரை, வைகாசியில் நடக்க வேண்டிய பாரதக் கூத்து ஊரடங்கில் போய்விட, ஜமாக்கள் என்கிற கூத்துக் குழுக்கள் கையில் காசில்லாமல் உட்கார்ந்திருந்த நேரம்.

வெளிநாட்டுப் பணம் இனி டெல்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் வர வேண்டும். அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. வாங்கிய பணத்தை வேறொரு அமைப்புக்குக் கொடுக்கவே கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் எங்களை உலுக்கிவிட்டது. ஐந்து ஜமாக்களுக்கு மொத்தமாகத் தொகை கொடுப்போம், ஜமாவை நடத்தும் வாத்தியார் அதைப் பங்கு பிரிப்பார். அந்த வழி ஒரே நாளில் அடைபட்டது.

டெல்லிக் கணக்கு தொடங்க அங்கே போக வேண்டியதில்லை. இங்குள்ள கிளையில் தாள்களைக் கொடுத்தால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். ஆனால் எங்கள் பொருளாளரின் இன்ஷியல் ஆதாரில் ஒரு விதமாகவும் அறக்கட்டளைப் பத்திரத்தில் வேறு விதமாகவும் இருந்தது. அதைச் சரிசெய்வதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. இதைப் படிக்கிறவர்கள் முதல் வேலையாகப் பெயர்களைச் சரிபாருங்கள்.

ஜமா விஷயத்தில் ஆடிட்டர் ஒரு வழி சொன்னார். மானியமாகக் கொடுக்காதீர்கள், பயிற்சி கொடுத்தவருக்கு அவர் செய்த வேலைக்கான சம்பளமாக நேரடியாகக் கொடுங்கள் என்றார். பயிற்சியையே முக்கிய வேலையாகக் கொண்ட அமைப்பில் பயிற்றுநர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது என்றும் விதியைக் காட்டினார். அப்போதுதான் மூச்சு வந்தது. அலுவலக வாடகை, கணக்காளர் சம்பளம் இரண்டையும் உள்ளூர் நன்கொடைக்கு மாற்றினோம்.

ஆனால் ஒரு ஜமாவுக்கு இப்போது பதினான்கு வங்கிக் கணக்கு, பதினான்கு வவுச்சர். முகவீணை என்கிற சிறு ஊதுகருவியை வாசிக்கும் பெரியவர் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி கையெழுத்துப் போடுவார். விரலிலேயே அவருக்கு நடுக்கம். "தம்பி, நேத்து விடிய விடிய வாசிச்சேன், அதுக்கு ஊரே சாட்சி. இதுக்கு எதுக்கு கையெழுத்து?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்து சட்டத்தை முழுசாகச் சொன்னேன். பணம் நின்று போகலாம் என்பதையும் மறைக்கவில்லை. கலைஞர்களிடம் நிலைமையை மூடி மறைக்கும் நிர்வாகி அந்தப் பொறுப்பில் இருக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான பதிவைப் புதுப்பிக்கும் காத்திருப்பு. காலாவதியைச் சில முறை தள்ளி வைத்தார்கள். 2022 ஜனவரி 1 அன்று ஏறத்தாழ ஆறாயிரம் அமைப்புகளின் பதிவு முடிந்துபோனது. முந்தின வாரமெல்லாம் நான் சரியாகத் தூங்கவில்லை. உரிய நேரத்தில் விண்ணப்பித்திருந்ததால் தப்பித்தோம். அதே வருடம் ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திருத்தங்கள் செல்லும் என்றது. பழைய முறை திரும்பி வரும் என்ற நினைப்பை அன்றோடு விட்டுவிட்டோம்.

எங்களால் முடியாமல் போனதும் உண்டு. ஒரு ஜமாவின் கிரீடமும், தோளில் அணியும் புஜக்கட்டையும் பூச்சி அரித்துக் கிடந்தன. அவை அவர்களுடைய சொத்து, அதற்காக வெளிநாட்டுப் பணத்தில் கை வைக்க முடியாது. அடுத்த திருவிழாவில் கூத்து முடிந்த விடியலில் துண்டை விரித்தோம். பத்தும் இருபதுமாக விழுந்ததில் கிரீடத்துக்கு மட்டும் புதுக் கண்ணாடி பதித்தோம். புஜக்கட்டை இன்னும் பாக்கி.