கோர் சுவிட்ச் இரண்டாகப் பிரிந்த நாளும், டூயல்-ஆக்டிவ் டிடெக்‌ஷனுக்காக அலைந்ததும்

எங்கள் கோர், அதாவது அலுவலக நெட்வொர்க் முழுதும் வந்து சேரும் மையச் சுவிட்ச், சிஸ்கோவின் இரண்டு கேட்டலிஸ்ட் 9500. ஸ்டாக்வைஸ் விர்ச்சுவல் என்ற வசதியில் ஒரே சுவிட்சாகக் கட்டியவை. ஒன்று ஆக்டிவ், அதுதான் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும். மற்றது ஸ்டாண்ட்பை, ஆக்டிவ் போனால் பொறுப்பேற்கும். நிறுவிக்கொடுத்த கான்ட்ராக்டர், இரண்டு பெட்டியையும் இணைக்கும் ஸ்டாக் லிங்க் இரண்டையும் ஒரே கேபிள் ட்ரேயில் ஓட்டிவிட்டுப் போயிருந்தார். டூயல்-ஆக்டிவ் டிடெக்‌ஷனைத் தொடவே இல்லை; லிங்க் அறுந்து இரண்டு பெட்டியும் ஆக்டிவ் ஆனால் அதைக் கண்டுபிடித்து ஒன்றை ஒதுக்கும் ஏற்பாடு அது. ஏசி வேலைக்கு வந்தவர்கள் ட்ரேயை இழுத்ததும் இரண்டு லிங்க்கும் சேர்ந்தே போயின.

கோர் முழுதாகச் செத்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். இதில் பாதி வேலை செய்தது, அதுதான் கொடுமை. ஸ்டாண்ட்பை தானும் ஆக்டிவ் ஆகிவிட்டது. இரண்டு பெட்டியிலும் அதே ஐபி, அதே மேக் முகவரி, அதே ரவுட்டர் ஐடி. எல்ஏசிபி (பல கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்டும் நெறிமுறை) ஐடியும் ஒன்றே என்பதால் கீழே இருந்த ஆக்சஸ் சுவிட்சுகளுக்கு (பயனர்களின் கணினிகள் இணைபவை) எந்த வித்தியாசமும் தெரியவில்லை. போர்ட்-சேனலின், அதாவது அப்படிக் கட்டிய இணைப்பின், இரண்டு கால்களிலும் டிராஃபிக்கை அனுப்பிக்கொண்டே இருந்தன. ஒருவருக்கு மெயில் வரும், பக்கத்து மேசைக்காரருக்கு வராது. ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஆள், சுவிட்சில் நேரடியாகச் செருகிப் பார்க்கும் கன்சோல் கேபிள் இல்லாமல் வந்து, "சர்வர் பிரச்சினை சார்" என்றார். நம் கேபிளைக் கொடுத்து இரண்டு பெட்டியிலும் பார்க்கச் சொன்ன பிறகுதான் இரண்டுமே ஆக்டிவ் என்று காட்டின.

லிங்க்கைத் திரும்பச் செருகியதும் ஒரு பெட்டி தானாக ரீலோட் (மறுதொடக்கம்) ஆகி ஸ்டாண்ட்பையாகச் சேர்ந்தது. லிங்க் அறுந்திருக்கும் இடைவெளியில் யாரையும் கான்ஃபிக் மாற்ற விடாதீர்கள். இரண்டில் எதன் மாற்றம் மிஞ்சும் என்ற தலைவலி வேண்டாம்.

அப்புறம்தான் உண்மையான அலைச்சல். டிடெக்‌ஷன் கட்டளை இரண்டு வரிதான், ஆனால் நாங்கள் எடுத்த முறையில் ரீலோட் செய்தால்தான் அது அமலாகும். "இப்போது ஓடுகிறதே, எதற்கு நிறுத்த வேண்டும்?" என்று மேலே கேட்டார்கள். அனுமதி ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போனது. புதிதாக நிறுவுபவர்கள் முதல் ரீலோடிலேயே இதையும் முடித்துவிடுங்கள், பிறகு கெஞ்ச வேண்டியிருக்காது.

நாங்கள் ஃபாஸ்ட் ஹலோ போட்டோம், அதாவது இரண்டு பெட்டியும் தனிக் கேபிளில் ஒன்றுக்கொன்று 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ளும் முறை. அதற்கான போர்ட் வேறு எதற்கும் உதவாது. நடுவில் இன்னொரு சுவிட்ச் வராமல் நேரடிக் கேபிளாக இருக்க வேண்டும். கேபிளை எதிர்ப்பக்கச் சுவர் வழியாக, ஸ்டாக் லிங்க்கின் ட்ரேயைத் தொடாமல் கொண்டுபோக வைத்தேன். கான்ட்ராக்டர் ஆள் முணுமுணுத்தார், விடவில்லை.

ரீலோட் முடிந்ததும் ஸ்டாக் லிங்க் இரண்டையும் வேண்டுமென்றே பிடுங்கிப் பார்த்தோம். பழைய ஆக்டிவ் ரெக்கவரி மோடுக்குப் போய்த் தன் போர்ட்டுகளை அணைத்துக்கொண்டது. மற்றது பொறுப்பேற்றது, பிங் கொஞ்சம் தடுமாறித் திரும்பியது. அப்பாடா!

ஒன்று மட்டும் எழவில்லை: சிசிடிவி சர்வர். அது அணைந்த பெட்டியில் ஒற்றைக் கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் சோதனைக்கு முன் ஒற்றைக் கேபிள் சாதனங்களைப் பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் செக்யூரிட்டி பிரிவு இன்னும் இரண்டாவது கேபிளுக்குக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருக்கிறது.