பலித்துவிடுகிற தப்பு வைத்தியம்

அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு நர்ஸாக வேலை பார்க்கிறேன். பாம்பு கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்ற தகவலுக்கு இன்று பஞ்சமே இல்லை. எங்கள் சுவரில் படத்தோடு ஒட்டியிருக்கிறோம், செல்போனில் தமிழிலேயே வீடியோ கிடைக்கிறது. ஆனாலும் கயிற்றால் இறுக்கிக் கட்டிய காலோடு, கடிவாயைப் பிளேடால் கீறிக்கொண்டு வருகிறவர்கள் குறையவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது.

படிக்காதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தப்பான வைத்தியம் பல நேரம் பலித்துவிடுகிறது, சிக்கலே அங்கேதான். கடிக்கிற பாம்புகளில் நிறைய விஷமில்லாதவை. விஷப்பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடித்துவிட்டுப் போகும். அப்படிக் கடிபட்டவர் வேப்பிலை அடித்தாலும் பிழைப்பார், சும்மா கிடந்தாலும் பிழைப்பார். பிழைத்தவர் ஊரெல்லாம் சொல்வார். செத்தவர் கதை ‘விதி முடிஞ்சுபோச்சு’ என்பதோடு சரி.

மகனைத் தூக்கிவந்த ஒரு பெரியவர், "எங்க அப்பாவுக்கும் இதே வேரைத்தான் அரைச்சுக் குடுத்தாங்க சிஸ்டர், பொழைச்சுக்கிட்டாரு" என்றார். பொய்யில்லை, கண்ணால் பார்த்தது. அதற்கு எதிரே ஒரு நோட்டீஸ் என்ன செய்யும்?

மகனைக் கடித்தது கண்ணாடி விரியன். ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்தோம். உறைந்து நிற்க வேண்டிய ரத்தம், சாய்த்ததும் தண்ணீராக ஓடியது. "பாருங்க ஐயா, உள்ளே எங்கே கசிந்தாலும் இப்படித்தான், நிற்காது" என்று காட்டினேன். அதன்பிறகு அவர் வேரைப் பற்றிப் பேசவில்லை. விஷமுறிவு மருந்து ஏற ஏற, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

கட்டுவிரியன் இன்னும் மோசம். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. விடிகாலையில் வயிற்றைப் பிசையும், கண் இமை தொங்கும். ‘பாம்பு கடித்தால் வீங்கும்’ என்று தெரிந்து வைத்திருப்பவர்தான் இதில் ஏமாந்துபோகிறார்.

எங்கள் நோட்டீஸைப் படிப்பவர்கள் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவர்கள். அதனால் பக்கத்து ஊரில் மந்திரிக்கிற ஒருவரையே போய்ப் பார்த்துப் பேசினேன். இப்போது அவர் திருநீறு பூசிய கையோடு 108-க்குப் போன் செய்து அனுப்பிவைக்கிறார். கயிறு கட்டுவதை மட்டும் இன்னும் விடவில்லை. மறுபடி போய்ப் பேச வேண்டும்.