பழைய கண்ணாடி நெகடிவ்களைக் காப்பாற்ற இறங்கியபோது

ஸ்டூடியோ நடத்திய பெரியவர் ஒருவர் விட்டுப்போன மரப்பெட்டி என் பொறுப்புக்கு வந்தது. உள்ளே முழுக்கக் கண்ணாடி நெகடிவ்கள், அதாவது பிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகட்டில் ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதிந்த படங்கள். தூசியைப் பார்த்ததும் துடைக்கத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் என்ன வகைத் தகடு என்று தெரியாமல் ஈரத்துணியைக் கொண்டுபோனால் படமே கையோடு வந்துவிடும்.

அதனால் முதல் வேலை, வகை பிரிப்பது. 1851-ல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான மருந்தை ஊற்றி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். கையால் ஊற்றியதால் பூச்சு ஓரங்களில் ஒழுங்கில்லாமல் இருக்கும். மூலையில் விரல் பிடித்த தடம்கூடத் தெரியும். நிறம் பாலாடை போல வெளிர்பழுப்பு. ஆங்கிலேய மருத்துவர் மேடாக்ஸ் 1871-ல் வழிகாட்டிய ஜெலட்டின் உலர் தகடுகள் பிறகு தொழிற்சாலைகளிலிருந்து வந்தவை. அவற்றில் பூச்சு சீராக, படம் நல்ல கறுப்பாக இருக்கும். கொலோடியன் ஆல்கஹாலில் கரையும், ஜெலட்டின் தண்ணீரில் ஊறி உப்பிவிடும். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் பாதி ஆபத்து விலகிவிடும்.

என் பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் ஜெலட்டின் தகடுகள். நைட்ரைல் கையுறை போட்டு, இரண்டு கைகளாலும் ஓரத்தைப் பிடித்துத்தான் எடுத்தேன். மங்கலாக இருக்கும் பக்கம் பூச்சு. அங்கே ரப்பர் ஊதியால் காற்று, மிஞ்சினால் மென்மையான தூரிகை, அவ்வளவுதான். பளபளக்கும் கண்ணாடிப் பக்கத்தை மட்டும் பஞ்சில் துளி வாலைவடிநீர் தொட்டு, ஓரத்தைத் தாண்டி ஈரம் மறுபக்கம் போகாதபடி துடைத்தேன். பூச்சின் மேல் பழைய செல்லோ டேப் ஒட்டியிருந்தவற்றில் டேப்பைப் பிய்க்கவே இல்லை.

பல தகடுகளின் ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளிப் பளபளப்பு. படத்தில் உள்ள வெள்ளியே காற்றாலும் மட்டமான காகித உறையாலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, மேற்பரப்புக்கு நகர்ந்து, மறுபடி உலோகமாகப் படிந்தது அது. தேய்த்தால் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். போகும்தான், கூடவே படத்தின் வெள்ளியும் போகும். பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்துப் பிரதி எடுக்கும்போது அந்தப் பளபளப்பு அநேகமாகத் தெரிவதே இல்லை. பிறகு எதற்குத் தேய்க்க வேண்டும்?

என்னை அதிக நேரம் உட்கார வைத்தது ஒரு பெண்மணியின் படம். லூப் என்னும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் கண்ணுக்குக் கீழே மயிரிழைப் பென்சில் கோடுகள், அத்தனையும் ஒரே திசையில். முகச் சுருக்கம் நெகடிவில் வெளிர்ந்து நிற்கும்; அங்கே பென்சிலால் அடர்த்தி கூட்டினால் அச்சில் சுருக்கம் மறைந்துவிடும். உருவத்தைச் சுற்றிச் சிவப்பு மை பூசியிருந்தது, பின்னணி வெள்ளையாக விழுவதற்காக. இதை அழுக்கு என்று நினைத்துத் துடைப்பது அந்தக் கைவேலையை அழிப்பது. அந்தப் பெரியவரின் திறமைக்கு மிஞ்சியிருக்கும் சாட்சியே அதுதான்.

உடைந்தவற்றுக்குப் பசை போடவில்லை. துண்டுகளின் முனைகள் ஒன்றையொன்று உரசாமல் சேர்த்து, அதே அளவில் மேலும் கீழும் புதுக் கண்ணாடி வைத்து, ஓரங்களை மட்டும் ஆவணப் பாதுகாப்புக்கான காகித டேப்பால் மூடினேன். பூச்சு உரியாமல் இருந்தால் மட்டுமே இப்படிச் செய்யலாம்.

பிரதி எடுப்பது லைட் பாக்ஸ் மேல், கேமராவால். பூச்சுப் பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். படம் இடவலம் மாறி வரும், கணினியில் திருப்பிக்கொள்ளலாம். மூலக் கோப்பை ரா வடிவில், அதாவது கேமரா பதிந்த தரவு மாறாமல், நெகடிவாகவே வைத்துவிட்டு, கீறல் நீக்குவது, விடுபட்ட இடத்தை நிரப்புவது எல்லாம் நகலில்தான் செய்தேன்.

பழைய உறைகளில் இருந்த பெயர், தேதிகளைப் புது உறையில் பென்சிலால் எழுதியபின்தான் தகட்டை உள்ளே வைத்தேன். நான்கு பக்கமும் மடியும் அமிலமற்ற காகித உறை என்றால் தகட்டை உரசி இழுக்க வேண்டியதில்லை. முழுத் தகடுகள் நீளப் பக்கம் கீழாக நிற்கின்றன. உடைந்தவை தனிப் பெட்டியில் படுக்கையாக. ஈரப்பதம் 30–40 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஏறினால் பூஞ்சை, ரொம்ப இறங்கினால் ஜெலட்டின் சுருங்கிக் கண்ணாடியை விட்டுக் கிளம்பும். அப்படி ஏற்கெனவே செதில் செதிலாகக் கிளம்பிய சில தகடுகளில் நான் கைவைக்கவில்லை. பூச்சு மேலே இருக்கும்படி தட்டில் கிடத்தி மூடியிருக்கிறேன்; அவை பயிற்சி பெற்ற பாதுகாப்பு நிபுணரின் மேசைக்குப் போக வேண்டியவை.