கடினப்பந்துக்கு மாறும் பிள்ளைக்கு முதலில் எதை வாங்குவது?

மென்பந்துக் கிரிக்கெட் விளையாடிய பிள்ளை பாடசாலையின் 13 வயதுக்குட்பட்டோர் பயிற்சிக்குப் போகத் தொடங்கியதும், வீட்டில் முதலில் கிளம்புவது துடுப்புப் பேச்சுதான். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் பல பெற்றோர் பணத்தை அதிலேயே கொட்டிவிடுகிறார்கள். எங்கள் கணக்கில் துடுப்பு கடைசி. ஹெல்மெட், அடிவயிற்றுக் காப்பு, சப்பாத்து இந்த மூன்றும்தான் முதல்.

ஹெல்மெட் புதிதாகவே இருக்கட்டும். உள்ளே லேபிளில் பிஎஸ் 7928:2013 (கிரிக்கெட் ஹெல்மெட்டுக்கான பிரித்தானியத் தரம்) என்று இருக்கிறதா, எந்தப் பந்துக்குச் சோதித்தது என்று பாருங்கள். சிறுவர் பந்து 133–144 கிராம், பெரியவர் பந்து 156–163 கிராம். பெரிய பந்துக்கு மட்டும் சோதித்ததில், முகக் கம்பிக்கும் மேல்விளிம்புக்கும் நடுவால் சின்னப் பந்து நுழைந்துவிடலாம். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெடிப்புத் தெரியாவிட்டாலும் மாற்றவேண்டும். மற்றவர் போட்டது என்ன அடி வாங்கியதென்று யாருக்குத் தெரியும்?

கால்காப்பும் கையுறையும் அப்படியல்ல. தேய்வதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும், ஆகவே மூத்த அணிப் பிள்ளைகளின் வீட்டில் கேளுங்கள். உள்ளங்கைத் தோல் விறைத்த கையுறை மட்டும் வேண்டாம். கொழும்பு ஈரலிப்பில் வியர்வையோடு பைக்குள் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், நிழலில் விரித்துக் காயவிடுங்கள்.

இனித் துடுப்பு. துடுப்புச் செய்வது வில்லோ மரத்தில். இங்கிலிஷ் வில்லோ வெளிநாட்டு மரம், ரூபா விழுந்தால் விலை ஏறும். 2022இல் அதைக் கண்டோம். தொடக்கத்துக்குக் காஷ்மீர் வில்லோ தாராளம், ஆனால் பாரம் பார்த்து எடுங்கள். "இரண்டு வருடம் பாவிக்கட்டும்" என்று ஒரு அளவு கூட்டி வாங்குவதுதான் மிகப் பெரிய நட்டம். பாரத்தைத் தூக்கமுடியாமல் கீழ்க்கை (பிடியின் கீழ்ப்பக்கம் பிடிக்கும் கை) இழுக்கத் தொடங்கும், அந்தப் பழக்கத்தைத் திருத்தத் தனிப் பயிற்சிக்குக் காசு போகும். 4 அடி 9 அங்குலத்திலிருந்து 5 அடிவரை உயரமான பிள்ளைக்கு ஏறத்தாழ 5ஆம் இலக்கத் துடுப்பு. மேல்கையால் மட்டும் பிடித்து நேராக நீட்டச் சொல்லுங்கள், நடுங்கினால் சின்னது எடுங்கள்.

முகப்பில் பிளாஸ்டிக் ஒட்டாத துடுப்பென்றால் பச்சை (காய்ச்சாத) லின்சீட் எண்ணெய் ஒரு தேக்கரண்டி போதும். பெயின்ட் வேலைக்கு விற்கும் காய்ச்சிய எண்ணெயைத் தொடாதீர்கள். முகம், ஓரம், அடிமுனையில் மெல்லப் பூசி, படுக்கவைத்து ஒரு நாள் விடுங்கள். பிறகு இன்னொரு பூச்சு. பிடி மரத்தோடு சேரும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது, ஒட்டு இளகும். அதன்பின் மரச் சுத்தியலால் மெல்லத் தொடங்கி, சிறுகச் சிறுக வேகம் கூட்டி, மொத்தம் ஆறு மணித்தியாலமளவு தட்டவேண்டும். ஓரத்தைச் சாய்வாகத் தட்டுங்கள், அடிமுனையை நேராக ஒருபோதும் தட்டாதீர்கள். இதைத் தவிர்த்துப் புதுப் பந்தில் இறங்கினால் காலடியில் விழும் முதல் யோர்க்கர் பந்திலேயே முனை பிளக்கலாம். மழைக்கால ஈரத்தரையும் முனையை ஊதவைக்கும், ரப்பர் உறை ஒட்டுங்கள்.

ஒருமுறைச் செலவு இவ்வளவுதான். மாதாமாதம் கரைப்பது ஓட்டோக் காசும் இன்டோர் நெட் (உள்ளரங்க வலைப் பயிற்சி இடம்) வாடகையும். நெட்டுக்கு மணிக்கணக்கில்தான் வாடகை, ஆகவே நான்கு பிள்ளைகள் சேருங்கள். ஒருவர் 15 நிமிடம் துடுப்பெடுக்க, மற்ற மூவரும் பந்து வீசலாம். ஒரே பாதையில் வீடென்றால் ஓட்டோவையும் பகிரலாம்.